தோற்கவும் விடாத நட்சத்திரம்

லா பிளாட்டா பல்கலைக்கழகத்தின் வானியல் துறையில் நெலிதா அர்ரியேட்டா என் பக்கத்து அறைக்காரி. பால்வெளியின் நடுவில் இருப்பது கருந்துளை அல்ல, இருண்ட பொருள் திரண்டு இறுகிய ஓர் உருண்டை என்று இளவயதிலிருந்தே சொல்லிவருகிறாள். அவளை மேதை என்று நான் சொல்லமாட்டேன். பிடிவாதக்காரி, கணக்கில் நேர்மையானவள்.

அந்த நடுவைச் சுற்றும் ஒரு நட்சத்திரத்தின் பாதைதான் அவள் நம்பிய சாட்சி. அது நடுவை நெருங்கி வருவதற்குப் பல ஆண்டுகள் காத்திருந்தாள். சிலியில் தொலைநோக்கி வழியே அளந்த எண்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்தன. நாங்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒரே சுரைக்குடுவையில் ஒரே குழலால் மாத்தே என்ற மூலிகைத் தேநீரை மாறி மாறிக் குடித்துக்கொண்டிருந்தோம். ஊற்றிக் கொடுத்தவன் எங்கள் துறைக்காரன் ஒவிதியோ.

"என்ன ஆச்சு, சொல்லித் தொலை," என்றான்.

"கருந்துளைன்னு வச்சாலும் பொருந்துது. என் உருண்டைன்னு வச்சாலும் பொருந்துது."

"அப்ப நீ தோக்கலையே! எங்களுக்கு இனிப்பு ரொட்டி வாங்கு."

"தோத்திருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன்டா, கழுதை. தப்புன்னுகூட சொல்ல மாட்டேங்குதே! அடுத்த தடவை அந்த நட்சத்திரம் கிட்ட வர்றப்ப நான் ஓய்வு பெத்திருப்பேன்."

"அப்ப விட்டுடு. கருந்துளைப் பக்கம் வந்துடு. ஊரே இங்கதான் இருக்கு."

அவள் குழலை உறிஞ்சினாள். போதும் என்பவர் குடுவையைத் திருப்பித் தரும்போது நன்றி சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த சுற்று அவருக்குக் கிடையாது. நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

முகத்தைச் சுளித்தபடி குடுவையை நீட்டினாள். நன்றி சொல்லவில்லை. மற்ற கையால் கணினியைத் திறந்தாள்.