ஃபேனுக்கடியில் ஒரு நாற்காலி

வாசல் வாசலாக ஏறி நைட்டி விற்கிறவளுக்கு அடுத்தவர் வீட்டு வாசல்தான் கடை. அந்தக் கடையை இழுத்து மூடினது நீ. உன் பெயர் எனக்குத் தெரியாது. நீ ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆனால் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில், கட்டணக் கழிப்பறைச் சுவரில், என் கண்ணுக்கு நேராக அந்த மஞ்சள் தாளை ஒட்டினது நீதான். ‘அலுவலக வேலைக்குப் பெண்கள் தேவை. அனுபவம் வேண்டாம். ஃபேனுக்கடியில், உட்கார்ந்த இடத்தில், கை நிறையச் சம்பளம்.’ அந்த ‘உட்கார்ந்த’வை நான் கண்ணால் படிக்கவில்லை, முட்டுக்காலால் படித்தேன். சின்ன வயதில் தீப்பெட்டிக் கட்டை அடுக்கி, பிறகு தோளில் மூட்டை ஏறி, இத்தனை வருசத்தில் எந்த முதலாளியும் என்னை உட்காரச் சொன்னதில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பலபேர் அந்த மாடிப்படியை ஏறியிருப்பீர்கள். ஊருக்கு ஊர் மாடிதான் வேறே, படி ஒன்றுதான். வெட்கப்படாமல் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

பேரம்

மாடியில் ஒரு ஹால். வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்தில் கழுத்தில் டை கட்டி ஒருவர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். இன்டர்வியூ என்றால் ஏதாவது கேட்பார்கள் என்று பயந்துகொண்டே போனேன். அவர் கேட்டது ஒன்றுதான்: சேர்க்கைக் கட்டணத்தை இப்போதே கட்டுகிறீர்களா, சாயங்காலம் கட்டுகிறீர்களா?

வேலைக்கு வந்தவளிடம் காசு கேட்கிறானே என்று எழுந்து வந்திருக்க வேண்டும். எனக்கோ ஒரு விலையைக் காதில் கேட்டால் வாய் சும்மா இருக்காது. “பாதிதான் தருவேன்” என்றேன். முடியாது என்றார். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். மூன்றாம் படியில் கூப்பிடுவார்கள் என்று தெரியும், கூப்பிட்டார்கள். பாதிக்கு முடித்துவிட்டு மிதப்பாக நின்றேன். ரசீது கிழிக்கும்போது அவர் என்னிடம் சொன்னதை, மறுநாள் ஒரு ரிட்டயர்டு கண்டக்டரிடமும் அட்சரம் பிசகாமல் சொன்னார்: “இந்த மாடியில என்னைய விலை இறங்க வச்ச மொத ஆளு நீங்கதான்.”

என் மேஜை எது

ஹாலில் நாற்காலிகளுக்குக் குறைவில்லை. அதில் உட்கார்ந்து கைதட்டுவதுதான் வேலை. யாராவது மைக்கைப் பிடித்து “நான் கார் வாங்கப் போறேன்” என்றால் தட்ட வேண்டும். வாங்கினவருக்கு அல்ல, வாங்கப் போகிறவருக்கு. தட்டி முடித்ததும் மேஜையில் பவுடர் டப்பா வந்தது. சர்க்கரைக்கும் அதே டப்பா, மூட்டு வலிக்கும் அதே டப்பா, முடி கொட்டுவதற்கும் அதே. இதை விற்க வேண்டும், எனக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும், அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும்.

நான் எழுந்து, “சார், என் மேஜை எது? சம்பளம் ஒண்ணாந்தேதியா அஞ்சாந்தேதியா?” என்றேன். ஹாலே சிரித்தது. கட்டின காசை விட்டுவிட்டு இறங்க எனக்கு மனசு வராது என்பது அந்த டைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவர் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: “சம்பளம் கேக்கிறவன் கூலியாளு, அக்கா. நீங்க முதலாளி. முதலாளி யார்கிட்டயாவது சம்பளம் கேப்பாங்களா?”

தையலும் டப்பாவும்

மழைக்காலத்தில் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடாது. நாகலாபுரம் பக்கம் எந்த வாசலில் நான் போய் நின்றாலும், காலைக் கழுவ முதலில் ஒரு செம்புத் தண்ணீர் வரும். மூட்டை பிரிவது அதற்குப் பிறகுதான். நைட்டியக்கா என்றால் நாய்கூடக் குரைக்காது.

அந்த முறை நைட்டிக்கு மேலே டப்பாக்களை அடுக்கிக்கொண்டு போனேன். தவசியம்மாள் பெரியம்மா வற்றல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னிடம் நைட்டி வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து, தையலை விரலால் இழுத்துப் பார்க்காமல் அவள் ஒன்றைக்கூட எடுத்ததில்லை. டப்பாவையும் அப்படியே திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், இழுத்துப் பார்க்க அதில் ஒன்றுமில்லை. ஹாலில் சொல்லிக்கொடுத்ததை நான் ஒப்பித்தேன். என் முகத்துக்காக ஒன்று வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டேதான் கேட்டாள்: “ஏட்டி, நைட்டி பிரிஞ்சா தையலக் காட்டி ஒன்ன வையலாம். இதுல என் முட்டுவலி கேக்காட்டா எதக் காட்டி வைய?”

செல்வி

புதியம்புத்தூரில் நான் சரக்கெடுக்கிற தையல் யூனிட்டில் செல்வி மிஷினில் இருந்தாள். பன்னிரண்டு வரை படித்த பிள்ளை. கழுத்துப்பட்டி கோணாமல் தைக்க அவளை விட்டால் ஆளில்லை. நான் வருகிற நாள் தெரிந்தால் நல்ல உருப்படிகளைத் தனியாக எடுத்து வைத்திருப்பாள். தவசியம்மாள் இழுத்துப் பார்த்த தையலெல்லாம் அவள் போட்டதுதான்.

ஆள் சேர்க்கும்போது பவுடர் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது, ‘ஆபீஸ்ல வேலை இருக்கு, நேர்ல வா’ என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று ஹாலில் சட்டம். அப்படியே செல்வியிடம் சொன்னேன். இரண்டு பேர் சேர்ந்தால் எனக்கும் ஒரு மேஜை வரும் என்று அன்றைக்கு நானும் நம்பினேன். வாய் என்னுடையது, சொல் உன்னுடையது. அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெண் ஆபீஸில் இருக்கிறாள் என்றால் ஒரு மதிப்பு. தீபாவளி ஆர்டர் மலையாகக் குவிந்து கிடந்த நேரத்தில் அவள் மிஷினை விட்டு எழுந்தாள். யூனிட் பிள்ளைகள் அவளுக்கு ஒரு ஹேண்ட்பேக் வாங்கிக் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு கோவில்பட்டி பஸ்ஸில் இருந்து இறங்கினவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “எக்கா, ஆபீஸ்ல கம்ப்யூட்டர் சொல்லிக் குடுப்பாவளா?”

போன்

தீபாவளி முடிந்து போனால் மாடியில் பூட்டு. கீழே பரோட்டாக் கடைக்காரர், இரவோடு இரவாக நாற்காலிகளை வேனில் ஏற்றினார்கள் என்றார். வாடகை நாற்காலியாம். அதுகூட உன்னுடையது இல்லை.

கொஞ்ச நாளில் விளாத்திகுளம் பஸ் நிறுத்தத்தில் அதே மஞ்சள் தாளைப் பார்த்தேன். கம்பெனிப் பெயர் மட்டும் வேறே. அங்கேயே நின்று அந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு பிள்ளை. என் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பஸ்ஸுக்கு நின்ற ஆம்பளைகள் இரண்டெட்டுத் தள்ளிப் போய் நின்றார்கள். அந்தப் பிள்ளை கடைசிவரை கேட்டாள். எனக்கு மூச்சு வாங்கிய இடத்தில் மெதுவாகச் சொன்னாள்: “எவ்வளவு சரளமாப் பேசுதீங்கக்கா! எங்க டீம்ல சேருதீங்களா?”

புதுப் பெயர்

பவுடர் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. தவசியம்மாளின் முட்டு அப்படியேதான் இருந்தது. டப்பாவைத் திருப்பிக் கொடுக்கவும் இடமில்லை, என்னை வையவும் அவளுக்கு மனசில்லை. வைதிருந்தால் பதிலுக்கு நாலு பேசியிருப்பேன், மறுநாள் சரியாகியிருக்கும். சண்டை எனக்குப் பழக்கம், சும்மா இருப்பதுதான் பழக்கமில்லை.

அடுத்த மழையில் வெறும் நைட்டி மூட்டையோடு போய் நின்றேன். உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, நான் குரல் கொடுத்ததும் நின்றது. செருப்பில் மண்ணோடு செம்புத் தண்ணீருக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கதவுக்குப் பின்னால் தவசியம்மாள் மருமகளிடம் சொன்னது, வாசலில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது: “சத்தங் காட்டாத தாயி, பவுடரக்கா போகட்டும்.”

பிசிறு

நைட்டியக்கா என்ற பெயர் போனதோடு விட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். யூனிட் அண்ணாச்சியிடம் செல்விக்காகப் பேசப் போனேன். என் வாழ்க்கையில் குரல் உயர்த்தாமல் பேரம் பேசினது அன்றைக்குத்தான். அவர் கணக்கு சரியாக இருந்தது: தீபாவளி ஆர்டரை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனாள், மிஷின் சும்மா கிடக்குமா, வேறு பிள்ளை உட்கார்ந்தாயிற்று. அவள் வேலையை விட்டதற்கு உண்மையான காரணத்தைச் சொன்னேன். “நீ சொல்லுத ஆபீஸ் எங்க இருக்கு, காட்டு” என்றார். பூட்டின மாடியை எப்படிக் காட்ட? பரிதாபப்பட்டு ஒரு வேலை கொடுத்தார்: தைத்து வருகிற துணியில் நூல் பிசிறு வெட்டுவது.

உள்ளே போய்ப் பார்த்தேன். மிஷின்களுக்கு மேலே வரிசையாக ஃபேன் ஓடியது. சுவரோரம், காற்று எட்டாத தரையில், சம்மணம் போட்டுச் செல்வி உட்கார்ந்திருந்தாள். வரன் வீட்டார் வரவே இல்லையாம். வேறொருத்தி கோணலாகத் தைத்த கழுத்துப்பட்டியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டினால் தேவலை என்று முன்னால் போய் நின்றேன். அவள் கத்தரியை நிறுத்தவில்லை. ஃபேனுக்கடியில் இருந்த தன் பழைய மிஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நாற்காலியும் ஃபேனும் எனக்கு மொதல்லயே இருந்துச்சேக்கா.”

உன்னிடம் என் காசைக் கேட்கவில்லை, என் வாசல்களைக்கூட நான் நடந்தே மீட்டுக்கொள்வேன். ஆனால் நான் சொன்னால் அண்ணாச்சி நம்பமாட்டேன் என்கிறார், மஞ்சள் தாளை ஒட்டின கைதான் அங்கே வர வேண்டும். கழுதை விலையிலிருந்து கத்தரிக்காய் விலைவரை பேசித் தீர்த்த நான் இந்த ஒன்றில் மட்டும் இம்மியும் இறங்கமாட்டேன்: புதியம்புத்தூருக்கு வா, அத்தனை பேர் முன்னால் உன் பொய்யை உன் வாயால் சொல்லு, செல்வியை அந்த நாற்காலியில் மறுபடி உட்கார வை.