கழுதை நிற்காத வளவு

வீடு விற்கப் போகிறவர்களுக்கு என் முதல் புத்தி: வாங்க வருகிறவர்களுக்கு முன்னால் உங்கள் அம்மாவை வாய் திறக்க விடாதீர்கள். இரண்டாவது: நீங்களும் திறக்காதீர்கள். மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு கழுதை வேண்டும். கொஞ்சம் பொறுங்கள், வரும்.

நான் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பள்ளிக்கூடமும் சந்தோசமாகத் திருப்பிக் கும்பிட்டது. ஆனாலும் இந்த விஷயத்தில் என்னை நம்பலாம். ஒரு வீடு விலைப்படாமல் போவதற்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையையும் ஒரே நாளில் செய்து பார்த்தவன் நான்.

அது சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். மன்னார் டவுனில், உப்புக்குளத்தில் அம்மாவின் சீதன வீடு இருந்தது. நாங்களோ அரிப்பு என்கிற கடற்கரை ஊரில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தோம். சொந்த வீடு இருக்க ஏன் தறப்பாள் என்று கேட்டால் அப்பாவைத்தான் கேட்க வேண்டும். அவருடைய படகும் வலையும் அரிப்பில். "எழும்பினவுடன கடல் தெரியாட்டி எனக்குத் தேத்தண்ணி இறங்காது" என்பார். அதனால் அரிப்பிலேயே புது வீடு கட்டத் தொடங்கினோம். சுவர் யன்னல் உயரத்துக்கு வந்ததும் கையிலிருந்தது முடிந்துபோனது. உப்புக்குளத்து வீடு விற்றால்தான் இதற்குக் கூரை.

அதற்கு முந்தின மாரி மழையில் தறப்பாள் பொத்துக்கொண்டு ஊற்றியதில், அடுப்பிலிருந்த மீன்குழம்பு எங்கள் கண்முன்னாலேயே தண்ணீர்ச் சொதியாகிவிட்டது. அன்றைக்கு அகப்பையை எறிந்துவிட்டு அம்மா சொன்னார்: "இன்னொரு மாரிக்கு நான் இதுக்குள்ள சமைக்க மாட்டன். கூரை வராட்டி நான் போய்க் கோயில் விறாந்தையில இருப்பன். நீங்கள் அப்பனும் மோனும் மழையைக் குடிச்சுக்கொண்டு இருங்கோ."

அம்மா சும்மா வெருட்டுகிறவர் இல்லை. அடுத்த மாரியும் கிட்ட வந்துகொண்டிருந்தது.

இனிக் கழுதைக்கு வருவோம். மன்னார் டவுனில் மனிதர் நடக்கிற இடமெல்லாம் கழுதையும் நடக்கும். ரோட்டைக் குறுக்கே மறித்து நின்று யோசிக்கும். எங்கள் வீடும் அதைச் சுற்றியிருந்த வளவும் ஆளில்லாமல் கிடந்த வருசங்களில் ஒரு கழுதைக் கூட்டம் அங்கே குடியேறிவிட்டது. நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது குசினி அடுப்படியில் நின்ற பெரிய கடுவன் கழுதை, யார் நீங்கள் என்பதுபோல் எங்களைப் பார்த்தது. அதற்குச் 'சம்மாட்டி' என்று பெயர் வைத்தேன். கரையில் மற்றவர்கள் வலை இழுக்க, கைகட்டி நின்று பார்க்கிற முதலாளியைத்தான் எங்கள் பக்கம் சம்மாட்டி என்போம். அதே நிற்பு, அதே வயிறு.

கிழமைக்கொரு தடவை அம்மா பஸ் ஏறி வந்து வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் ஒரே புலம்பல்: "ஞாயிற்றுப் பூசைக்கு வாறமாதிரி வரிசையா வருதுகள். இந்த ஊரில வேற வளவே இல்லையோ?"

முதலில் வீடு பார்க்க வந்தவர் ஏதோ அரசாங்கக் கந்தோரில் வேலை செய்பவர். அறைக்குள் நின்று, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "இடம் நல்ல அமைதி" என்றார். சம்மாட்டி யன்னலுக்குள் தலையை விட்டு அவருடைய காதுக்குள் கத்தியது. மனிதர் வீட்டுக்குள்ளேயே ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். போட்டவர் போனவர்தான்.

"அடுத்த ஆள் வரேக்க இந்த வளவில ஒரு கழுதை நிண்டாலும், உன்னை அதோட சேர்த்துக் கட்டிவிடுவன்" என்றார் அம்மா.

"பொம்பிளைக் கழுதையெண்டா நான் யோசிக்கிறன்" என்றேன். விளக்குமாறு வந்தது.

அடுத்த ஆட்களைத் தரகர் வெள்ளாங்குளத்திலிருந்து கூட்டி வருவதாகச் சொன்னார். வயல் செய்கிற குடும்பம். மகளுக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற வேலை. அவளோடு வந்து இருக்க ஒரு வீடு தேடினார்கள். "நல்ல ஆக்கள். இவையை விட்டா மாரிக்கு முதல் வேற ஆள் கிடைக்காது" என்று தரகர் சொல்லியிருந்தார்.

அன்று விடியவே நானும் அம்மாவும் வந்துவிட்டோம். சந்தையில் கழித்த முட்டைக்கோவா இலைகளை ஒரு சாக்கு நிறைய அள்ளிவந்து, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே கழுதைகளைக் கூட்டிப்போய் உப்புவெளிப் பக்கம் விட்டேன். தேர்த் திருவிழாவுக்குப் போவதுபோல் சம்மாட்டி முன்னால் வந்தது. மிச்ச இலையை அங்கேயே கொட்டிவிட்டுத் திரும்பி ஓடினேன். வளவில் கிடந்த சாணி முழுவதையும் வாரி, பின்பக்கம் கிடங்கு வெட்டித் தாட்டேன். குளம்படித் தடங்களை அழிக்கப் பனையோலையால் மண்ணை இழுத்துவிட்டேன். மணம் போக வளவு முழுக்கத் தண்ணீர் தெளித்தேன். வாசல் படலைக்குக் குறுக்கே மீன்பெட்டிகளை அடுக்கினேன். அம்மா ஒவ்வொரு அறைக்கும் தீர்த்தம் தெளித்தார். இந்தக் கோலத்தில் என் கலியாணத்துக்குக்கூட எங்கள் வீடு இருக்காது.

அவர்கள் வந்தார்கள். ஐயா மெல்லிய ஆள், அதிகம் பேசாதவர். அவருடைய மனுசி பேசினார், பேசாத நேரமெல்லாம் பார்த்தார்.

அம்மா தொடங்கினார். "காத்தைப் பாருங்கோ தங்கச்சி. படுத்துக்கிடந்தே இண்டைக்கு வாடையோ கச்சானோ எண்டு சொல்லிப்போடலாம்."

"வயலுக்குக் காத்தால என்ன பிரயோசனம்?" என்றார் ஐயா. அன்றைக்கு அவர் பேசிய முதல் வசனம் அது.

"மீன்காரன் படலைக்கே வருவான். மேல பிளாட்டில கருவாடு காயப்போடலாம், அப்பிடி ஒரு வெயில்."

"நாங்கள் வெள்ளிக்கிழமையில மீன் மச்சம் சாப்பிடுறேல்லை" என்றார் மனுசி.

"அதுக்கென்ன, சனிக்கிழமை காயப்போடுங்கோ!"

தரகர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். என் முதல் புத்தி பிறந்தது அந்த இடத்தில்தான். வீடு விற்கும்போது நமக்குப் பிடித்ததைச் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. வருகிறவருக்கு என்ன தேவை என்று முதலில் கேட்க வேண்டும். எங்களுக்குக் காற்று. அவர்களுக்குத் தண்ணீரும் மண்ணும்.

மனுசி வீட்டுக்குள் போகவே இல்லை. கிணற்றைச் சுற்றி நடந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரலால் மண்ணைக் கிண்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வாற வழியெல்லாம் கழுதை நிண்டுது. இந்த வளவில ஏன் ஒண்டையும் காணேல்லை?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் விடியற்காலையிலிருந்து தவம் கிடந்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன். "கழுதையோ? இந்தப் பக்கமே தலை வைச்சுப் படுக்காது, அம்மா. பிறந்த நாளில இருந்து ஒண்டு வந்ததை நான் காணேல்லை."

மனுசியின் முகம் இருண்டுவிட்டது. "அப்ப தண்ணி உப்புச் சவராக்கும்" என்றார்.

"ஐயோ, தேன் மாதிரித் தண்ணி!" அம்மா வாளியை விட்டு அள்ளிக் கொடுத்தார். மனுசி ஒரு வாய் குடித்து, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இண்டைக்கு நல்லாத்தான் கிடக்கு. போன கிழமை பார்த்த வீட்டிலயும் நல்லாத்தான் கிடந்தது. பேந்துதான் அயலட்டை சொல்லிச்சினம், பவுசர் லொறியில தண்ணி கொண்டுவந்து கிணத்துக்குள்ள ஊத்தினவையாம்." என் காலடியைப் பார்த்தார். "அதுதான் வளவெல்லாம் ஈரமாக் கிடக்கோ?"

நான் ஈர மண்ணைக் காலால் மறைத்துப் பார்த்தேன்.

"நீங்கள் பொய் சொல்லுவியள். தரகர் பொய் சொல்லுவார். கழுதைக்குப் பொய் சொல்லத் தெரியாது, தம்பி. எங்கட ஊரில மாடு வாய் வைக்காத கிணத்தை நாங்கள் ஏனெண்டும் கேக்கிறேல்லை. வாங்கோப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பக்கத்தில் ஐயாவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தோம். அவர் வளவின் பின்பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றார். மற்றக் கால் அந்தரத்தில்.

"ஒருத்தரும் அசையாதேங்கோ" என்றார் மெல்லமாக. "புது மண் கிண்டிக் கிடக்கு. கண்ணிவெடி!"

வெள்ளாங்குளத்தில் வயலுக்குள் இறங்குவதற்கு முன் அவர்கள் எதையெல்லாம் பார்த்துக் கால் வைத்தார்களோ, பாவம். தரகர் மீன்பெட்டிக்குப் பின்னால் மறைந்துவிட்டார். மீன்பெட்டி வெடியை மறிக்கும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ தெரியாது. நானாவது ஒன்பதாம் ஆண்டு.

"ஐயா, அது வெடி இல்லை."

"அப்ப என்னத்தைத் தாட்டனீர்?"

"அது... ஒரு சாமான்."

"என்ன சாமான்?"

ஐயாவின் கால் நடுங்கத் தொடங்கியது. வேறு வழியில்லை. மண்வெட்டியை எடுத்துக் கிண்டினேன். காலையில் தாட்டதெல்லாம் ஆவி பறக்க வெளியே வந்தது.

ஐயா காலைக் கீழே வைத்தார்.

"பிறந்த நாளில இருந்து ஒண்டும் வந்ததைக் காணேல்லை, என்ன?" என்றார் மனுசி.

பூமி பிளந்தால் உள்ளே போகலாம் என்று பார்த்தேன். பிளந்திருந்த ஒரே இடத்தில் சாணி நிறைந்து கிடந்தது. ஆனால் மனுசி குந்தியிருந்து, கிடங்குக்குள் கையை விட்டு, அடிமண்ணை எடுத்துக் கசக்கிப் பார்த்தார். மேலே வெள்ளை மணல், கீழே கறுப்பு. எத்தனை வருசச் சாணியோ உக்கி மண்ணாகிக் கிடந்தது. நகைக்கடையில் நிற்கிற பெண்களின் முகத்தில் மட்டும் நான் கண்ட ஒரு வெளிச்சம் அவர் முகத்தில் வந்தது.

"இஞ்ச பாருங்கோப்பா! இந்த மணலுக்குள்ள இப்பிடி எரு! கத்தரி வைச்சா மரமா வரும்." பிறகு என் பக்கம் திரும்பினார். முகம் மறுபடியும் கண்டிப்பானது. "ஆனா உன்ர வாயை நான் நம்ப மாட்டன். சாணியை எங்கயிருந்தும் அள்ளிக்கொண்டு வரலாம். கழுதையைக் கொண்டுவா. அது இந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிக்க வேணும். குடிச்சா வீடு எங்களுக்கு. பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கு."

உப்புவெளிக்கு ஓடினேன். விடியத் துரத்தியவர்களை மத்தியானம் காலில் விழுந்து கூப்பிடுவது எப்படியிருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். சம்மாட்டி கோவா இலையில் வயிறு நிறைந்து, கண் செருகி நின்றது.

"சம்மாட்டியார், உங்கட வீடு உங்களுக்குத்தான். வாங்கோ ஐயா."

அசையவில்லை. முன்னால் நின்று இழுத்தேன். பின்னால் போய்த் தள்ளினேன். பின்னால் போனது பிழை. தொடையில் ஒன்று வாங்கிக்கொண்டு, நொண்டி நொண்டி, தனியாகத் திரும்பினேன்.

படலையடியில் அவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். தரகர் குடையை விரித்துவிட்டார். அம்மா கிணற்றுக் கட்டில் குந்தியிருந்தார். அவருடைய கண்ணில் கோயில் விறாந்தை தெரிந்தது.

"வரேல்லையோ?" என்றார் அம்மா.

"வரமாட்டுதாம். மீன்குழம்பு சொதியாப் போனதுக்குத் துக்கம் கொண்டாடுதாம்."

அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தார். பிறகு எழும்பி, யாரையும் பார்க்காமல், வாளியை எடுத்துக் கிணற்றுக் கட்டில் அடித்தார். டங், டங், டங். என்னை ஒரு நாளும் கூப்பிட்டிராத ஒரு குரலில் கூப்பிட்டார்:

"வாங்கோ ராசா... வாங்கோடா என்ர குஞ்சுகள்... தண்ணி குடிக்க வாங்கோ..."

வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கிழமைக்கொரு தடவை வீடு கூட்ட என்று வந்த அம்மா, பூசைக்கு வாறமாதிரி வருதுகள் என்று புலம்பிய அம்மா! மணியடித்தது அவரேதான்!

தெருவில் தூசி கிளம்பியது. உப்புவெளியிலிருந்து ஒன்று, ரோட்டிலிருந்து ஒன்று, பக்கத்து ஒழுங்கையிலிருந்து குட்டியோடு ஒன்று. எல்லாவற்றுக்கும் பின்னால், அவ்வளவு நேரம் எனக்கு அசையாத சம்மாட்டி, வயிறு குலுங்க ஓடி வந்தது. மீன்பெட்டிகள் பறந்தன. தரகரும் குடையும் வேறு வேறு பக்கம் போனார்கள். அம்மா கிணற்றடித் தொட்டியில் தண்ணீரை ஊற்ற, தலைகள் எல்லாம் ஒன்றாக இறங்கின.

உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. மனுசி செருப்பை மறுபடியும் கழற்றினார்.

"அக்கா," என்றார் அம்மாவிடம், "இதுகளை நீங்கள் அரிப்புக்குக் கொண்டுபோகப்படாது. சொல்லிப்போட்டன்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாளியால மூண்டு தரம் தட்ட வேணும். ரெண்டு தரம் தட்டினா பெரியவர் வரமாட்டார்" என்றார்.

என் மூன்றாவது புத்தி இதுதான். விற்கிறவர் மறைக்கத் தேவையில்லை; நீங்கள் குறை என்று தாட்டதை வாங்குகிறவர் தேடிக்கொண்டு வந்திருக்கலாம். வாங்குகிறவரோ, மிகவும் துப்புரவாக இருக்கிற வளவைக் கண்டால் பின்பக்கம் போய்க் கிண்டிப் பார்க்கவும். கழுதைக்குப் பின்பக்கம் மட்டும் ஒருவரும் போகவேண்டாம்.

மாரிக்கு முதல் கூரை ஏறிவிட்டது. முதல் மழை அடித்துக்கொண்டு பெய்த அன்று, புதுக் குசினியில் மீன்குழம்பு குழம்பாகவே கொதித்தது. ஓடு வேய்ந்தவர் ஒரு மூலையில் பிழை விட்டிருந்தார். அம்மா அந்த ஒழுக்குக்குக் கீழே வாளியை வைத்தார்.

டங். டங். டங்.

அம்மா அகப்பையோடு எழும்பிப் போய் வாசலை எட்டிப் பார்த்தார்.

நான் கழுதைபோல் ஒரு தரம் கத்தினேன். அகப்பை நேராக என் தலைக்கு வந்தது.