சீனாவில் அமெரிக்கக் கார் விற்ற ஜெயந்தி அக்கா

ஜெயந்தி அக்கா செத்துப்போனார்.

'காலமானார்' என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுவது போல இருந்தது... அழித்துவிட்டேன்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குத்தான் போன் வந்தது. இதயம். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள் என்று அக்கா என் நம்பரைக் கொடுத்திருந்தாராம். என்னிடம் சொன்னதே இல்லை.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவருடைய அண்ணாவுக்கு நான்தான் சொன்னேன். அவருக்கு விசா கிடைத்து மொன்ட்ரியால் வருவதற்குள் இறுதிச்சடங்கு முடிந்துவிடும்.

"தங்கச்சி, சனிக்கிழமை அங்க சனம் வருமோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை, வருவினம்" என்று சொல்லிவிட்டேன்.

யார் வருவார்கள் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பட்டமளிப்புப் படத்துக்குப் பிறகு நான் இந்தப் பக்கத்தில் எதுவும் போட்டதில்லை.

அக்காவும் நானும் புவாண்ட்-கிளேரில் கார் உதிரிப்பாகம் விற்கும் ஒரு ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து மேசை. இருவருக்கும் வீடு கோட்-டெ-நெய்ஜ். காலையும் மாலையும் அவருடைய காரில்தான் போய் வந்தேன்.

பின்பக்கம் துருப்பிடித்த சின்ன செடான். அதன் டிக்கியில் சீன எழுத்துகள்... முன்னால் இந்தக் காருக்குச் சொந்தமில்லாத ஒரு சின்னம்.

முதல் நாள் கேட்டேன், "இது என்ன கார் அக்கா?"

"சைனாவில நான் வித்த கார். இஞ்ச வேற பேர். அவ்வளவுதான்."

படிக்கத்தான் சீனாவுக்குப் போயிருக்கிறார். படிப்பை விட்டுவிட்டு ஒரு ஷோரூமில் சேர்ந்துவிட்டார். கொரியாவில் வடிவமைத்த கார். சீனாவில் செய்து, பெரிய அமெரிக்கப் பெயர் ஒன்றை ஒட்டி விற்றார்கள். விற்றது ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்.

அதே கார், அதே கம்பெனியின் இன்னொரு சாதாரணப் பெயரில் கனடாவுக்கும் வந்தது. (பெயர்களைப் போடவில்லை. கமெண்ட்டில் கார்ச் சண்டை வேண்டாம்.)

கல்யாணம் முடித்து மொன்ட்ரியால் வந்த அக்கா, அந்தக் கல்யாணம் முறிந்த பிறகு, தேடிப்பிடித்து இதை வாங்கினார். பழைய ஷோரூம் நண்பர்கள் அந்தச் சின்னத்தையும் எழுத்துகளையும் பார்சலில் அனுப்பியிருக்கிறார்கள்.

ஒருநாள் என் அப்பா பால்கனியில் நின்று, "என்ன தங்கச்சி, இது பீட்சா கொண்டு திரியிற காரெல்லே!" என்று கத்தினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அக்கா கண்ணாடியை இறக்கினார். "அண்ணை, அங்க இது மாப்பிள்ளைக் கார். இது இல்லையெண்டா பொம்பிளை குடுக்காயினம்!"

அப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு...

ஆபீஸ் லஞ்ச் ரூமில் எங்களுக்குச் சரிவராது. எனக்குக் கூட்டம் பயம். அக்காவுக்குக் கேள்விகள் பயம். பார்க்கிங்கில், ஹீட்டரைப் போட்டுக் காரிலேயே சாப்பிடுவோம்.

ஒரு பனி நாளில் நான் முன் கதவைத் திறக்க, "இண்டைக்கு நீர் கஸ்டமர். பின்னால போய் இரும்" என்றார்.

"ஏன் பின்னால?"

"அங்க வாங்க வாற ஆக்கள் முதல்ல பின் சீட்டிலதான் இருந்து பாப்பினம். அம்மா அப்பா காலை நீட்டி இருக்கலாமோ எண்டு. ஸ்டியரிங்கைப் பேந்துதான் தொடுவினம்."

பிறகு திரும்பி உட்கார்ந்து, சீன மொழியில் எனக்கு அந்தக் காரை விற்றார். கையை ஆட்டி, புருவத்தை உயர்த்தி... தமிழ்க் கடையில் வாயே திறக்காத அக்கா.

"என்ன, எடுக்கிறீரோ?"

"அப்பாவைக் கேக்கோணும்."

"எல்லாரும் இதைத்தான் சொல்லுறவை!"

போன இலையுதிர் காலம். என்னை வீட்டு வாசலில் இறக்கப்போகும் நேரம், டெபானர் மூலைக்கடையிலிருந்து வந்த ஒரு சீன மாணவி காரின் பின்னால் நின்று படம் எடுத்தாள். தவறான இடத்தில் நிறுத்திவிட்டோம் என்று நினைத்தேன்.

அக்கா இறங்கிப் போய்ச் சீன மொழியில் ஏதோ கேட்டார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவளே பின் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். அக்கா காரை எடுத்தார். ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தோம். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அக்கா அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

அவள் இறங்கிப் போன பிறகு சொன்னார், "தாய் தகப்பன் கலியாணத்துக்கு எடுத்ததும் இதே மாதிரிக் காராம். பள்ளிக்கூடம் முடியுமட்டும் அதில பின்னாலதான் இருந்து போனவவாம்."

நான் உடனே இறங்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் எங்களுக்குத் தெரியாது. சீனாவில் இருக்கும் அந்த நண்பர்களுக்கு யார் சொல்வது, எந்த மொழியில் சொல்வது... அதுவும் தெரியவில்லை.

இன்றைக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். அக்காவின் மேசையில் ஆபீஸ் ஒரு பூச்சாடி வைத்திருக்கிறது. "அவர் எந்த நாடு?" என்று ஒருவர் கேட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து அக்காவின் உடலைப் பார்வைக்கு வைப்பார்கள். மலர்ச்சாலையின் விலாசத்தை இன்பாக்ஸில் கேளுங்கள். அக்காவைத் தெரியாவிட்டாலும் வாருங்கள். ஐந்து நிமிடம் இருந்தாலும் போதும்.

வாசலில் கறுப்புக் கோட்டுடன் நிற்பது நான்தான். எனக்குச் சரியாகக் கதைக்க வராது... ஆனால் வருபவர்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்வேன்.

சனிக்கிழமை வெள்ளன வந்திடுவன், அக்கா.