தூளும் குளிசையும்

வெடிச் சத்தம் கேட்டதும் முதலில் நான் பார்த்தது என் கையைத்தான். ஐந்து விரலும் இருந்தன. அதற்குப் பிறகுதான் மகளைப் பார்த்தேன். ஒரு தகப்பன் அந்த வரிசையில் பார்த்திருக்கக் கூடாது.

முந்தல் பக்கத்து இறால் பண்ணையொன்றில் பதினைந்து வருடமாக வேலை செய்கிறேன். தொட்டிகளுக்குக் குளோரின் தூள் கலக்குவது என் பொறுப்பு. வீடு கற்பிட்டியில். ஞாயிறு போனால் வியாழன் பின்னேரம்தான் திரும்புவேன்.

மகளுக்கு ஒன்பது வயது. சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்திருந்தது. கட்டு வெட்டிய பிறகு, தண்ணீருக்குள் நின்று காலை அசைக்கச் சொன்னார் டொக்டர். காற்றுக்காலம்; கடலில் பிள்ளையை இறக்க முடியாது. கட்டாரில் இருக்கும் என் மனைவியின் தங்கை ஒரு நீச்சல் தொட்டி அனுப்பினாள். இரும்புச் சட்டம் பூட்டி, முற்றத்தில் நிறுத்தி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பினோம். ஐந்தாம் நாள் தண்ணீர் பச்சையானது.

எதைப் போட்டுச் சுத்தம் செய்வது? உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் மெஷின் வாங்கச் சொன்னாள் தங்கை. இங்கே உப்புக் காற்றிலேயே ஜன்னல் கம்பி கறள் பிடிக்கிறது. உப்புத் தண்ணீரில் தொட்டியின் சட்டம் எத்தனை மாதம் தாங்கும் என்று அதை விட்டோம். மிச்சம் இரண்டு: தொட்டியோடு வந்த, மாத்திரை போன்ற குளோரின் குளிசைகள், பண்ணையில் கேட்டு நான் கொண்டுவந்த தூள். குளிசையை, சிறு துளைகளும் திருகு மூடியும் உள்ள மிதக்கும் பிளாஸ்டிக் பேணி ஒன்றுக்குள் போட்டுத் தண்ணீரில் விட்டால் மெல்லக் கரையும்.

"நீங்க கிழமையில பாதி நாள் வீட்டுல இல்ல. தூளை அளந்து கரைச்சு ஊத்துறது எனக்குச் சரிவராது. குளிசை லேசு," என்றாள் மனைவி.

"பதினஞ்சு வருஷமா குளோரினோட கிடக்கிறவன் நான். எனக்குப் படிப்பிச்சுத் தாறீங்களா?"

அவள் பேசாமல் போனாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நான் பண்ணைக்குப் போன பிறகு அவள் பேணிக்குள் இரண்டு குளிசைகளைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தூளை வாளியில் கரைத்து ஊற்றுவதுதான் முறை. ஆனால் தொட்டியருகே, மனைவி தண்ணீரிலிருந்து எடுத்து வைத்த அந்தப் பேணி ஈரம் காயாமல் இருந்தது. மூடியைத் திறந்தேன். அடியில் பாதி கரைந்த இரண்டு வெள்ளைத் துண்டுகள். நான் அவற்றைக் கண்டேன். குளோரினுக்கு மேலே குளோரின், அதற்கென்ன என்று நினைத்தேன். நாலு கரண்டி தூளைப் போட்டு மூடியைத் திருகினேன்.

உள்ளே சீறியது. பேணி சுட்டது. துளைகளால் மஞ்சள் புகை வந்தது. கீழே போட்டேன், அது நிலத்தில் பட முன்னரே வெடித்தது. மூடி மகளின் தலைக்கு மேலால் பறந்து சுவரில் மோதியது. நாலடி தள்ளிக் கதிரையில் இருந்தவள் எழும்பவில்லை. அந்தக் காலோடு எழும்ப முடியவில்லை. வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு காற்று வரும் பக்கமாக ஓடினேன். இருவருக்கும் இருமல் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் முகமூடி வைத்து மருந்துப் புகை பிடித்து விட்டார்கள். என்ன கலந்தீர்கள் என்று கேட்டார் டொக்டர். சொன்னேன்.

"ரெண்டும் ஒரே சாமான் இல்ல. ஒண்டோட ஒண்டு சேரவே கூடாது. மூடியில்லாம இருந்திருந்தாலும் அந்தப் புகையே ஆளைக் கெடுக்கப் போதும்."

பதினைந்து வருடம். ஒரே தூளை ஒரே விதமாகக் கலக்கியதைத்தான் அறிவு என்று நினைத்திருந்தேன்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த மனைவி மெதுவாகச் சொன்னாள்: "பெட்டியில எழுதியிருந்திச்சு, வேற எதோடயும் கலக்க வேணாம் எண்டு. சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க எண்டுதான் நானும் சொல்லாம குளிசையப் போட்டேன். என்ட பிழையும் இருக்கு."

ஏச்சு வாங்கியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த நாளே தூளைப் பண்ணைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். வீட்டில் இருப்பவள் எதைக் கையாள்வாளோ அதுதான் இனி: குளிசை மட்டும், புதிய பேணியில். எத்தனை, எப்போது என்பதெல்லாம் அவள் முடிவு.

மகள் இரண்டு கிழமை தொட்டிப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு பின்னேரம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "வாப்பா, இதுக்குள்ள என்ன போட்டிருக்கு?"

"உம்மா போட்ட குளிசை மட்டும்தான்."

"நீங்க ஒண்டும் போடல்லயே?"

"இல்ல மகள்."

தண்ணீரை மணந்து பார்த்துவிட்டு இறங்கினாள். இன்றும் இறங்க முன்னர் அதையே கேட்கிறாள்.