அம்மைப்பால் வராத மாதம்

அவர் யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்க்கும் முன் மேல்கையைத்தான் பார்ப்பார், அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா என்று. பூந்தமல்லிப் பக்கத்துக் கிராமங்களுக்கு அம்மை குத்தும் சர்க்கார் ஊழியர். வெள்ளைக்காரன் காலத்தில் நாட்டு வருமானக் கணக்கெடுக்கப் போன குமாஸ்தா நான். அவரைத் திருமழிசையில் சந்தித்தேன்.

நெசவாளி என்றால் நெய்த துணியின் விலையை எழுதுவேன். சர்க்கார் ஆளின் வேலையை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. அதனால் அவன் சம்பளமே அவன் உற்பத்தி என்பது எங்கள் விதி. அப்படியே எழுதினேன்.

படிவத்தை வாங்கிப் பார்த்தார். "இன்னா சார், பன்னெண்டு மாசமும் ஒரே மாதிரி கீதே?"

"சம்பளம் ஒரே மாதிரிதானே?"

"சித்திரைல குத்துற மருந்து, அந்த அம்மைப்பாலே வர்ல சார். சும்மா குந்திக்கினு இருந்தேன். திருநின்றவூர்ல நாலு கொழந்த அம்மைல பூட்ச்சு. அந்த மாசம் நான் இன்னா சார் உற்பத்தி பண்ணேன்?"

அதை எழுத என் படிவத்தில் கட்டமில்லை. எழுதியதை அடிக்க எனக்கு அதிகாரமும் இல்லை. கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினேன்.

"சம்பளம் வாங்கனது நெசந்தான்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவர் முகம் மறந்துவிட்டது. அந்த ஆண்டின் நாட்டு வருமானத்தில் அந்தச் சித்திரையும் குறையாமல் சேர்ந்திருக்கிறது.