அக்கா மெஷின் ஆன கதை

என் அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் எங்கள் அம்மா, "ஒரு ஜட்ஜுக்கு டைப் அடிச்சுக் குடுக்கிறா" என்பாள். இதில் இரண்டு தப்பு. அவர் ஜட்ஜ் இல்லை. அக்கா டைப் மட்டும் அடிப்பதில்லை. திருத்தப் போனால் உண்மையைச் சொல்ல வேண்டி வரும் என்பதால் அக்கா சிரித்து மழுப்பிவிடுவாள். நான் அவள் தம்பி. எனக்கு மழுப்ப வராது, அதனால் எழுதுகிறேன்.

இரண்டு நாட்டுக் கம்பெனிகள் சண்டை போட்டுக்கொண்டால், அவன் ஊர் கோர்ட்டை இவன் நம்பமாட்டான், இவன் ஊர் கோர்ட்டை அவன் நம்பமாட்டான். ஆகவே இருவரும் பேசிவைத்து ஒரு நடுவரைப் பிடிப்பார்கள். அவர் எழுதுவதுதான் தீர்ப்பு. இப்படிப்பட்ட வழக்குகளுக்கென்றே இருக்கிற ஒரு மையத்தில், ஒன்பதாவது மாடியில், திரைகளையும் மைக்குகளையும் பார்த்துக்கொள்கிறவன் நான். அங்கே அடிக்கடி நடுவராக உட்காருகிற ஒருவருக்கு அக்கா செயலர். சட்டம் படித்தவள். அந்த நடுவரை எல்லோரும் பெரியவர் என்போம். வழக்கு நடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஆழ்ந்து யோசிக்கிறார் என்று வக்கீல்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவர் முகத்தைக் கேமராவில் கிட்டத்தில் பார்க்கிறவன் நான் ஒருவன்தான். நான் எதுவும் சொல்வதில்லை.

விதிப்படி செயலரின் வேலை தேதி குறிப்பது, கோப்புகளை அடுக்குவது. தீர்ப்பில் ஒரு வரிகூட நடுவரைத் தவிர வேறு ஆள் எழுதக் கூடாது. நடப்பு வேறு. கடைசி நாள் விசாரணை முடிந்ததும் பெரியவர் லிஃப்டில், "கிரேன் வித்தவன் சொல்றதுல நியாயம் இருக்கிற மாதிரி தெரியுது, பாத்துக்கம்மா" என்பார். லிஃப்ட் தரைக்கு வருவதற்குள் அவர் வேலை முடிந்துவிடும். பிறகு அக்கா சாட்சியங்களை மொத்தமாகப் படித்து, லிஃப்டில் சொன்னது சரிதானா என்று பார்த்து, சரியில்லை என்றால் அதையும் பக்குவமாக அவர் காதில் போட்டு, இருநூறு பக்கம் எழுதுவாள். கையெழுத்து வேண்டிய இடத்தில் பச்சைக் காகிதத் துண்டு ஒட்டி அவர் முன்னால் வைப்பாள். அவர் போனில் யாருடனாவது பேசிக்கொண்டே பச்சை கண்ட இடத்தில் எல்லாம் போடுவார். அவர் ஒரு பக்கத்தையாவது புரட்டி நான் பார்த்ததில்லை.

அக்காவுக்கு ஆசை ஒன்றே ஒன்று. மையத்தின் நடுவர் பட்டியலில் தன் பெயர் வர வேண்டும். அதற்கு மூத்த நடுவர் ஒருவர், இவருக்குத் தீர்ப்பு எழுதும் திறமை இருக்கிறது என்று பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். அந்தத் திறமை பெரியவருக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் வருஷா வருஷம், "அடுத்த வருஷம் கண்டிப்பாம்மா" என்பார்.

"நீ நடுவராயிட்டா அவருக்கு யாரு எழுதுவா? இது புரியலையா உனக்கு?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"அவர் அப்படிப்பட்டவர் இல்லடா."

இந்த அப்பாவித்தனத்துக்கு மருந்தே கிடையாது. எனக்குத்தான் வயிறு எரியும்.

இதற்கிடையில் காலம் மாறியது. முன்பெல்லாம் கோப்புப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவருவார்கள். இப்போது எல்லாம் திரைக்குள் போய்விட்டது. சாட்சிகள் வீட்டில் இருந்தே பேசுகிறார்கள். மறைவில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று காட்ட அறையைச் சுற்றிக் கேமராவைத் திருப்ப வேண்டும். ஒரு தடவை, அறையில் தனியாக இருக்கிறேன் என்று சத்தியம் செய்த பொறியாளருக்குப் பின்னால் அவர் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். பேசப் பேச எழுதுகிற மெஷின் வந்தது, ஆயிரம் பக்கத்தைச் சுருக்குகிற மெஷின் வந்தது. பெரியவர் மாநாட்டு மேடைகளில், "எந்த இயந்திரமும் மனிதனின் மனசாட்சிக்கு ஈடாகாது" என்று முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமாகும். அந்த உரையை எழுதிக் கொடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மையமும் புது விதி ஒன்று போட்டது. தீர்ப்பை வரைய நடுவர் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாம். ஆனால் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், வரிவரியாகத் தானே படித்துச் சரிபார்க்க வேண்டும். செயலர்களைப் பற்றிய பழைய விதி அப்படியே இருந்தது. ஆக, மெஷின் எழுதலாம், மனுஷி எழுதக் கூடாது.

அந்தச் சமயத்தில்தான் கிரேன் வழக்கின் தீர்ப்பு வெளியானது. தோற்றது கிரேன் வாங்கிய துறைமுகக் கம்பெனி. அதன் வக்கீல் சும்மா இருக்கவில்லை. மெஷின் எழுத்தா மனித எழுத்தா என்று கண்டுபிடிக்கிற ஒரு மென்பொருளில் தீர்ப்பைப் போட்டுப் பார்த்தார். அனேகமாக முழுதும் மெஷின்தான் என்று அது அடித்துச் சொல்லிவிட்டது. உடனே மையத்தில் மனு. நடுவர் சொல்லாமல் மெஷினைப் பயன்படுத்தியிருக்கிறார், தீர்ப்பை ரத்து செய்ய வேண்டும், அவரையும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். 'இத்தனை பக்கத்தில் ஓர் இடத்தில்கூட எரிச்சல் இல்லை, சலிப்பு இல்லை, ஒரு வாக்கியமும் தடம் புரளவில்லை. மனிதர் எவரும் இப்படி எழுத முடியாது' என்று அதில் ஒரு பத்தி.

அக்கா அதைக் காபி மெஷின் பக்கத்தில் நின்று இரண்டு தரம் படித்தாள். "பாராட்டுறானா திட்டுறானாடா இவன்?"

"நீ மனுஷி இல்லங்கிறான். வீட்டுல மாமாவக் கேட்டா ரெண்டே நிமிஷத்துல நிரூபிச்சிருப்பாரு. நீ எரிச்சல் படுறத அவர்தான தினமும் பாக்குறாரு."

அவள் சிரிக்கவில்லை. "நான்தான் எழுதினேன்னு சொன்னா தீர்ப்பு போச்சு. அவர் பேரும் போச்சு. செய்யக் கூடாதத செஞ்சவள்னு என்னையப் பட்டியல் பக்கமே விடமாட்டாங்க." பிறகு, "அந்தத் தீர்ப்பு சரிடா. அதுல ஒரு வரி தப்பில்ல" என்றாள்.

மறுநாள் பெரியவர் அக்காவைக் கூப்பிட்டார். மையத்தின் இயக்குநர் அம்மையாரோடு அவர் காணொலியில் பேச வேண்டியிருந்ததால் நான் அங்கே வயர்களோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். முதல்நாள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருந்தவர் அன்று தெளிவாக இருந்தார்.

"யோசிச்சுப் பாத்தேம்மா. மெஷின்தான் எழுதுச்சுன்னு சொல்லிடுவோம்."

அக்கா கையில் இருந்த குறிப்பேட்டை மூடி வைத்தாள்.

"விதியிலயே இடம் இருக்கு. வயசானவன், புது விதி, சொல்ல விட்டுப்போச்சுன்னு வருத்தம் தெரிவிச்சா முடிஞ்சுது. வரிவரியா நான் படிச்சுப் பாத்தேன்னு உறுதிமொழி குடுக்கணும், அவ்வளவுதான். நீ எழுதினது தெரிஞ்சாத்தான் ஆபத்து." பிறகு வாஞ்சையாக, "அந்த உறுதிமொழியையும் நீயே எழுதிடும்மா. உனக்குத்தான் என் நடை வரும்" என்றார்.

என் கையில் இருந்த வயரை அவர் கழுத்தில் போட வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷம் அக்கா தலையில் மிளகாய் அரைத்தவர், கடைசியில் தலையே இல்லை என்கிறார்.

"சரி சார்" என்றாள் அக்கா. "பட்டியலுக்கு அந்தப் பரிந்துரைக் கடிதம்? கெடு இந்த மாசத்தோட முடியுது."

"இந்த நேரத்துலயா? இப்ப உன் பேரு எங்கயும் அடிபடாம இருக்கிறதுதாம்மா நல்லது. அடுத்த வருஷம் கண்டிப்பா."

அவள் என்னைப் பார்த்தாள். அவர் அப்படிப்பட்டவர்தான் என்று அவளுக்கு அப்போது புரிந்துவிட்டது. நான் சொன்னது பலித்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

உறுதிமொழியை அக்கா மத்தியானத்துக்குள் எழுதி முடித்தாள். பிரமாதமாக வந்திருந்தது. கருவியின் உதவியைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: 'என் பெயரில் வெளியாகும் எந்தத் தாளையும் முழுவதும் படித்துப் பார்க்காமல் நான் கையெழுத்திட்டதில்லை. இனியும் இடமாட்டேன்.' பச்சைத் துண்டு ஒட்டி வைத்தாள். பெரியவர் போனில் பேசிக்கொண்டே போட்டார்.

மனு தள்ளுபடியானது. இயக்குநர் அம்மையார் பெரியவரின் நேர்மையைப் புகழ்ந்து மையத்தில் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். அன்று பெரியவரின் போன் ஓயவில்லை. மற்ற நடுவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி, அது எந்த மெஷின்? "கடையில எல்லாம் கிடைக்காதுங்க. எனக்குன்னே பழக்கினது" என்று இவர் ஒவ்வொருவரிடமும் கூச்சப்படாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அன்றைய கையெழுத்துத் தாள்களைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது பரிந்துரைக் கடிதம். அடியில் ஒளித்து வைக்கவில்லை, மடிக்கவில்லை. அவள் பெயர் தலைப்பிலேயே தடித்த எழுத்தில் இருந்தது. பெரியவர் யாரிடமோ, "ராத்திரி பகல் பாக்காது, சம்பள உயர்வு கேக்காது" என்று சிரித்தபடி அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை பெரிய அறையில் நான் மைக் சோதித்துக்கொண்டிருந்தேன். அக்கா எனக்கு உதவியாக, "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு பெரியவர் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இயக்குநர் போன் பண்ணாங்க. உன்னைப் பட்டியல்ல சேத்தாச்சாம். என் கடிதத்தப் பாத்துத்தான் சேத்தாங்களாம்."

"ரொம்ப நன்றி சார்."

"நான் எப்பம்மா கையெழுத்துப் போட்டேன்?"

"வியாழக்கிழமை சார். முழுசும் படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டீங்க."

அவர் வாயைத் திறந்தார். இல்லை என்று சொன்னால் உறுதிமொழி பொய், உறுதிமொழி பொய் என்றால் கிரேன் தீர்ப்பு போய்விடும், தீர்ப்பு போனால் அவர் போனார். இத்தனையையும் அவர் தானாகவே யோசித்து முடிப்பதை நான் நேரில் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டேதான் யோசித்தார்.

"ஆமா" என்றார். "படிச்சுட்டுத்தான் போட்டேன்."

அவர் போகவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மைக் வேலை செய்துகொண்டிருந்ததால் அவர் மெதுவாகக் கேட்டதுகூட அறை முழுதும் ஒலித்தது.

"அதுல என்னம்மா எழுதியிருக்கு?"