தப்பாகக் கணக்குப் போட்ட டீச்சர்

எங்கள் வீட்டில் பேச்சு கன்னடம்; பள்ளிக்கூடத்தில் தமிழ். வீட்டில் ஊரையே கூட்டும் என் மகள், இரண்டாம் வகுப்பில் ஆறு மாதமாக வாயே திறக்கவில்லை. "பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த மாதம் பேரை அடித்துவிடுவேன்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் புது டீச்சர் வந்தார். வீட்டிலிருந்து கிணற்றுக்கு எத்தனை அடி, ஒரு படி கேழ்வரகு மாவுக்கு எத்தனை களி உருண்டை என்று எண்ணி வரச் சொன்னார். இதுவா வீட்டுப்பாடம்? அப்பனான எனக்கு எரிந்தது. மறுநாள் சண்டைக்கே போனேன்.

குட்டையான பெண். சாக்பீஸைக் கொண்டையில் செருகியிருந்தார்.

"ஏனுங்க டீச்சர், களி உருண்டை எண்ணத்தான் பள்ளிக்கூடமா?"

"கொஞ்சம் நின்னு பாத்துட்டுத் திட்டுங்க" என்றார். என் மகளிடம் திரும்பி, "உங்க வூட்டுக் கிணத்துக்கு அம்பது அடிதானே?" என்றார்.

மகள் இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்போ நாப்பது." பலகையில் பெரிதாக எழுதினார்.

"இல்ல டீச்சர்! எழுபத்தி மூணு! நாந்தான் நடந்து எண்ணுனேன், அழிங்க!" என்று மகள் தமிழில் கத்தினாள். தலைமையாசிரியரே எட்டிப் பார்த்தார். பேரை அடிக்கும் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நாளைக்குக் களிக் கணக்கையும் தப்பாத்தான் சொல்லுவேன்" என்றார் டீச்சர். "சரியா எண்ணி அனுப்புங்க."

அன்று ராத்திரி களி கிண்டியபோது அடுப்படியில் நானே உட்கார்ந்து உருண்டைகளை எண்ணினேன். திட்டப் போனவனுக்கும் வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பிய பொம்பளை அவர் ஒருவர்தான்.